முகவரியில் இல்லை

நோயாளி நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் எனக்குத்தான் ஏதோ அறுவைச் சிகிச்சை என்று நம்பி ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் ஒன்பது நாள் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் துணைக்கு இருந்தவள். அறுபத்து மூன்று வயதில் பிரசவ வார்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்காதவர்களும் படிக்கலாம். அவர்கள் வீட்டுத் துணியும் எங்கள் வாசல் இஸ்திரி வண்டிக்குத்தான் போகிறது.

ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு இருந்தேன். ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம், எதை விட்டால் கோப்பு திரும்பி வரும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும் வானகரத்தில் அடுக்ககத்துக்கு வந்தோம். சி பிளாக், 304. வாசலில் வேப்பமரம், அதன் அடியில் இஸ்திரி வண்டி. வண்டி சேகருடையது. அவன் மனைவி கௌரிக்கு இருபத்திரண்டு வயது. துணிகளை மாடி மாடியாக ஏறி வாங்கி வருவதும் திருப்பிக் கொடுப்பதும் அவள்தான். எட்டாவது மாதத்திலும் ஏறினாள். லிஃப்டில் வரலாமே என்றேன். "லிப்ட்ல துணிமூட்டை ஏத்தக் கூடாதுன்னு போர்டு போட்டுகீறாங்க மேடம்," என்றாள். அந்த அறிவிப்புப் பலகையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான்.

பிரசவம் அரசு மருத்துவமனையில். பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ. கொஞ்சம் குறைவுதான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நான் பார்க்கப் போன அன்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லெட்டுடன் ஒரு பெண் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். பெயர் ரெஜினா. ஒரு மருத்துவக் கல்லூரி நடத்தும் ஆய்வின் களப்பணியாளர்.

ஆய்வு என்னவென்று அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் ஏழைத் தாய்மார்களுக்கு முதல் ஆறு வாரங்களில்தான் பல ஆபத்துகள் வருகின்றன. அந்த ஆறு வாரங்களில்தான் அவர்களை யாரும் பார்ப்பதில்லை. வசதி உள்ளவர்கள் தலைவலித்தால் டாக்டரிடம் போகிறார்கள், இல்லாதவர்கள் தைலம் தடவிக்கொள்கிறார்கள். பயிற்சி பெற்ற ஒருத்தி குறித்த நாட்களில் வீடு தேடிப்போய்த் தாயின் ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் எடையையும் பார்த்தால் இந்த வித்தியாசம் குறையுமா? அதைத்தான் சோதிக்கிறார்கள். சேரும் பெண்களைக் கணினி குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கும். ஒரு பாதிக்கு வீட்டு வருகை உண்டு, மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஏன் எல்லோருக்கும் செய்யக் கூடாது என்று கேட்டேன். "செஞ்சா நல்லதுன்னு நமக்குத் தோணுதும்மா. நிஜமாவே நல்லதான்னு தெரிஞ்சாத்தானே எல்லா ஊருக்கும் செய்யச் சொல்ல முடியும்," என்றாள். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு பதிலை எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை.

ஒப்புதல் படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டினேன். கௌரி கையெழுத்துப் போட்டாள். குலுக்கலில் வீட்டு வருகை கிடைத்தது. அடுத்தது முகவரி.

"கதவு எண்?"

கௌரி சிரித்தாள். "எங்க ஊட்டுக்குக் கதவே இப்பதான் வெச்சோம். நம்பருக்கு நா எங்க போவேன்?"

"அது போடாம அடுத்த பக்கம் போகாதும்மா," என்றாள் ரெஜினா. டேப்லெட்டைத் தட்டிக் காட்டினாள். சிவப்புக் கோடு வந்து நின்றது. ரேஷன் கார்டில் வேப்பம்பட்டில் உள்ள தாய்வீட்டு முகவரி. அங்கே தகப்பனார் படுக்கையில் கிடக்கிறார், தாயார் அவரை விட்டு நகர முடியாது. கௌரி அங்கே போகப்போவதில்லை.

நான் என்ன செய்வேன்? எல்லாக் கட்டமும் தெரிந்தவள். "என் முகவரி போட்டுக்கோ. சி 304. எங்கள் வாசலில்தான் இவள் நாள் முழுக்க இருப்பாள்," என்றேன். கைப்பேசி எண்ணும் என்னுடையதையே கொடுத்தேன், சேகரின் எண் மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால். சிவப்புக் கோடு மறைந்தது. கௌரிக்கும் மகிழ்ச்சி. "உங்க அட்ரஸ் இருந்தா கொஞ்சம் மதிப்பா பேசுவாங்க மேடம்," என்றாள். கோப்பு நகர்ந்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் அவளை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நானும் என் கணவரும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனோம்.

திரும்பி வந்த மறுநாள் காலை பால் வாங்க இறங்கினேன். குழந்தை பிறந்து எட்டாவது நாள். கௌரி வண்டிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு நாளில் வேலைக்கு வந்துவிட்டாயா?"

"வேலைக்கு இல்ல மேடம். ஊட்ல கூரை காயுது, இங்க நெழலு."

முகம் ஊதியிருந்தது. கொலுசு காலில் புதைந்திருந்தது. நெற்றியில் துணி கட்டியிருந்தாள். கேட்டதற்கு, "நாலு நாளா தலவலி. தூக்கம் இல்ல, அதான். கண்ணு முன்னாடி பூச்சி பறக்கறாப்புல கீது," என்றாள்.

அந்தப் பூச்சியை நான் அறிவேன். அந்த ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. 'விடாத தலைவலி, முகவீக்கம், கண்ணில் மின்மினி போலத் தெரிதல்: உடனே வரவும்.' நான் படித்தேன். கையெழுத்துப் போட்டவள் படிக்கவில்லை, அவளுக்கு வாசித்துக் காட்டவும் எனக்குத் தோன்றவில்லை. பிழை திருத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

"சேகர், பெட்டியை இறக்கு. ஆட்டோ கூப்பிடு."

"இன்னா மேடம், வெறும் தலவலிக்கா? பி பிளாக்குக்கு இன்னும் இருவது சட்ட கீது."

"சட்டை கசங்கினால் யாரும் சாகமாட்டார்கள்."

அவன் பெட்டியை இறக்கினான். கரியில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடினான்.

மருத்துவமனையில் ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. பயிற்சி மருத்துவர் இன்னொரு கையிலும் கட்டிப் பார்த்தார். அதே எண். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தார். அது கரும்பச்சையாக மாறியது, புரதம் போகிறது என்று அர்த்தம். கர்ப்பத்தில் வரும் ரத்தக்கொதிப்பு நோய் சிலருக்குப் பிரசவம் முடிந்த பிறகே தலைகாட்டும் என்று விளக்கினார். கவனிக்காவிட்டால் வலிப்பு வரும், மூளையில் ரத்தம் கசியலாம். கர்ப்ப காலம் முழுக்க இவளுக்கு அழுத்தம் சரியாகவே இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"எத்தனை நாள் தலைவலி?" என்றார் அவர்.

"நாலு நாளு," என்றாள் கௌரி.

"நாலு நாள்," என்று என்னைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார், நான் வீட்டுப் பெரியவள் என்று எண்ணி.

குழந்தையும் தப்பவில்லை. தாய்க்கு முடியாததால் பால் சரியாகக் கொடுக்கவில்லை. எடை இரண்டு கிலோவுக்கும் கீழே போயிருந்தது, உடம்பு மஞ்சள். பசித்து அழக்கூடத் தெம்பில்லாத தூக்கத்தை, 'சமத்துக் குழந்தை' என்று எல்லோரும் மெச்சியிருக்கிறோம். குழந்தையை மேல் மாடியில் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்தின் கீழே படுக்க வைத்தார்கள். அந்த வெளிச்சம் மஞ்சளைக் கரைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடுமாம். இவ்வளவு சாதாரணமாக ஒரு விளக்கு இதைச் செய்யும் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

வார்டில் ஒரு பெண் துணை மட்டும் இருக்கலாம். அனுமதிச் சீட்டில் 'உறவு' என்ற கட்டம். பேனாவோடு நின்றேன். துணி கொடுக்கிறவள் என்றா எழுதுவது?

"பெரீம்மான்னு போடுங்க மேடம்," என்றாள் கௌரி, கண்ணைத் திறக்காமல். போட்டேன். அரசு ஆவணத்தில் நான் எழுதிய முதல் பொய் அது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, இரண்டாவது என்று பிறகு தெரிந்தது.

முதல் ஒரு நாள் முழுக்க மேக்னீசியம் சல்பேட். அந்தக் காலத்து வீடுகளில் பேதி உப்பு என்று இருக்குமே, அதே உப்புதான். சுத்தமாக்கி ஊசியில் ஏற்றுகிறார்கள், வலிப்பைத் தடுக்க. அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுபோகும் என்பதால் செவிலியர் அடிக்கடி வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளினால் சரி. மூச்சை எண்ணினார், சிறுநீர்ப் பையின் அளவைக் குறித்தார். ஒவ்வொன்றையும் எதற்கு என்று கேட்டேன். மூன்றாவது தடவை, "பெரீம்மா, நீங்களே தட்டுங்க, நான் கொஞ்சம் உட்கார்றேன்," என்று சுத்தியலை நீட்டினார். தட்டவில்லை. ஆனால் அடுத்த முறை அவர் தட்டியபோது கௌரியின் கால் துள்ளியதற்கு நான் பட்ட சந்தோஷம், எனக்குப் பதவி உயர்வு வந்தபோதுகூட வரவில்லை.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் எரியும். "உள்ள யாரோ கரி போட்டு ஊதறாங்க மேடம்," என்றாள். வேறு முறையீடு எதுவும் இல்லை. குழந்தையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பீய்ச்சிய பாலைச் சிறிய டம்ளரில் எடுத்து, அவள் பெயர் எழுதிய சீட்டு ஒட்டி, நான் மாடிக்குக் கொண்டுபோவேன். அங்கே பாலாடைச் சங்கால் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார்கள். முதல் நாள் டம்ளரின் அடி மறையவில்லை. மூன்றாம் நாள் பாதி டம்ளர். கௌரி இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுத்தாள்.

என் கணவர் தினமும் ரசம் சாதம் கொண்டுவந்து வாசலில் கொடுப்பார். வார்டுக்குள் ஆண்களுக்கு அனுமதி இல்லை. "வசந்தா, இன்னிக்குக் கொஞ்சம் மிளகு கூடிப்போச்சு. பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் கொடுத்து என் பேரைக் கெடுக்காதே," என்பார். பக்கத்துக் கட்டில்களில் அதற்குள் அவருக்கு ரசத் தாத்தா என்று பெயர் வந்துவிட்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

நான்காம் நாள் ரெஜினா வார்டுக்குள் வந்தாள், புதிய தாய்மார்களைச் சேர்க்க. என்னைக் கண்டதும் நின்றாள்.

"சி 304 அம்மாதானே? உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை வந்தேம்மா. போனும் பண்ணேன், எடுக்கலை."

கைப்பேசியைப் பார்த்தேன். கும்பகோணத்தில் இருந்த நாட்களில் ஒரே எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள். தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை. அது என் கொள்கை.

"வாசலில் காவலாளியிடம் கேட்டாயா?"

"கேட்டேம்மா. சி 304 கௌரி, குழந்தை பெத்தவங்கன்னு சொன்னேன். அவர் சிரிச்சிட்டார். 'அந்த ஊட்ல ரெண்டு பேரும் பென்ஷன் வாங்கறவங்க, நீ இன்னாம்மா கொயந்தன்றே'ன்னார். நோட்டுல பார்த்தார். கௌரின்னு யாரும் இல்லைன்னார்."

"வண்டி அங்கேதானே இருந்தது?"

"இஸ்திரி வண்டியா? இருந்தது. அதுக்குப் பக்கத்து நிழல்லதான் நின்னு உங்களுக்குப் போன் பண்ணேன்."

சேகர் அந்நேரம் அங்கே தேய்த்துக்கொண்டிருந்திருப்பான், கௌரி வீட்டில் படுத்திருந்திருப்பாள். காவலாளி தனபால் கௌரியைத் தினமும் பார்க்கிறான். அவனுக்கு அவள் இஸ்திரிக்காரம்மா. பெயர் தெரியாது. அவனைக் குறை சொல்ல என் கைப்பேசியைத் திறந்தேன், மூடிவிட்டேன். என் கைப்பேசியிலும் அந்தக் குடும்பம் 'இஸ்திரி' என்றுதான் இருந்தது.

ரெஜினா முதல் தடவை வந்த நாள் தலைவலி தொடங்கிய மறுநாள். கட்டிலில் இருந்தபடியே கௌரி கணக்குப் போட்டுச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கி அந்த அக்கா என்னாண்ட வந்திருந்தா, இந்த ஊசியெல்லாம் வேணாமா மேடம்?"

"மாத்திரையோடு முடிந்திருக்கலாம்," என்றேன். அவள் அடுத்துக் குழந்தையின் எடையைக் கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ரெஜினாவின் டேப்லெட்டில் கௌரிக்கு எதிரே எழுதியிருந்ததைக் காட்டச் சொன்னேன். 'முகவரியில் இல்லை.' விரலால் மேலே தள்ளினாள். அதே வாசகம் இன்னொருத்திக்கு. இன்னும் மேலே, இன்னொருத்தி. யார் இவர்கள் என்றேன். ஒருத்தி கட்டடம் கட்டுமிடத்தில் தங்கியிருப்பவள், மேஸ்திரியின் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தாள். ஒருத்தி சிவப்புக் கோடு போவதற்காக வெறும் சைபர் போட்டிருந்தாள்.

"இவங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சோம்," என்றாள் ரெஜினா.

எனக்கு மெல்ல விளங்கியது. விளங்கியதும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இந்தப் பெண்களுக்காகத்தான் ஆய்வே. இவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டால் மிஞ்சுவது வீட்டு எண் உள்ளவர்கள். கதவு உள்ள பெண்களுக்கு இது நல்ல திட்டம் என்று கடைசியில் முடிவு வரும். அதை நம்பி எல்லா ஊரிலும் செய்வார்கள். எல்லா ஊரிலும் கௌரி முக்காலியில் தலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அன்று மாலை ஆய்வை நடத்தும் டாக்டரம்மா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், காலில் விளையாட்டுக் காலணி. நான் தயாராக இருந்தேன், ஒரு முழு வெள்ளைத் தாளில். முதல் வரியில் தவறு என்னுடையது என்று எழுதியிருந்தேன். பொய்யான முகவரியைத் தந்தவள் நான். இரண்டாவது, கதவு எண் இல்லாமல் நகராத கட்டம் அடுத்தவரின் எண்ணைத்தான் வரவழைக்கும்.

டாக்டரம்மா படித்தார். வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் மூன்று பதில்கள் வைத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வராதவங்க ஏன் வரலைன்னு கேட்டோம். நாம ஏன் போய்ச் சேரலைன்னு கேட்கவே இல்லை," என்றார். பிறகு கௌரி பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்கு நான் வரணும்னா எப்படி வரணும்? நீங்களே சொல்லுங்க."

என்னிடம் கேட்கவில்லை. அதுவும் சரிதான். ஐந்நூறு மீட்டர் தள்ளியுள்ள அந்த வீட்டுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

கௌரி எழுந்து உட்கார்ந்தாள். "பைபாஸ் சர்வீஸ் ரோட்ல டயர் கடை கீதில்ல, அத்த தாண்டி தண்ணி டேங்க். அதும் பின்னால நீலத் தார்ப்பாய் போட்ட ஊடு. கௌரின்னா தெரியாது. இஸ்திரி சேகர் ஊடு எதுன்னு கேளுங்க. பகல்ல வந்தா வண்டியாண்டதான் இருப்பேன்."

காகிதப் படிவத்தில் முகவரியைத் திருத்தும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள். திருத்தத்துக்கு ஒரு முறை உண்டு. பழையதை அழிக்கக் கூடாது. ஒரே கோடு, அடியில் உள்ளது தெரியும்படி. மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. சி 304-இன் மேல் கோடு போட்டேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தேன். 'ஊடு' என்ற இடத்தில் பேனா நின்றது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் வரைவுகளைத் திருத்தியவள். வீடு என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் டயர் கடையில் போய் யாரும் 'வீடு' என்று கேட்கப்போவதில்லை. அப்படியே விட்டேன்.

ஆறாம் நாள் குழந்தை நீல வெளிச்சத்திலிருந்து வெளியே வந்தது. எடை கூடும் வரை கங்காரு முறை. குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் கங்காருபோல, பெற்றவர் மார்பின் வெறும் தோலில் குழந்தையைக் கட்டிக்கொள்வது. உடம்புச் சூடே மருந்து. அப்பாவும் செய்யலாம் என்றதும், மாடியில் அதற்கென்று இருந்த அறையில் சேகர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அசையவே பயம் அவனுக்கு.

"நம்ம சூடே போதும்ன்றாங்க மேடம்," என்றான் மெதுவாக. "இத்தினி நாளு கரி வாங்கி வேஸ்ட் பண்ணிகினு இருந்துகீறேன்."

"மூச்சு வுடு யா," என்றாள் கௌரி.

ஒன்பதாம் நாள் அனுப்பினார்கள். அழுத்தம் மாத்திரையில் அடங்கியிருந்தது. குழந்தை பிறந்த எடையைத் தொட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ரெஜினாவின் வருகை. நானும் போனேன். வழிகாட்டப் போகவில்லை, எனக்கு வழி தெரியாது. டேப்லெட்டில் இப்போது கதவு எண் இல்லாமலும் பக்கம் நகர்கிறது. அதற்குக் கீழே 'உங்களைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று ஒரு புதிய கட்டம், தாய் சொல்லும் சொற்களிலேயே நிரப்ப வேண்டியது. டயர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஸ்திரி சேகர் வீடு எங்கேங்க?" என்றேன் நான்.

அவர் நிமிர்ந்து என் கண்ணாடியையும் குடையையும் பார்த்தார். "எந்த சேகரு?"

ரெஜினா டேப்லெட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். "தண்ணி டேங்க் பின்னால, நீலத் தார்ப்பாய் போட்ட ஊடு."

"அத்த சொல்லு," என்றார் அவர். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கௌரி வாசலில் நின்றிருந்தாள். ரத்த அழுத்தம் நூற்றிருபதுக்கு எண்பது. ரெஜினா எழுதிக்கொண்டாள். பிறகு பட்டியலை மேலே தள்ளி, மேஸ்திரியின் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தவளின் பெயரைப் படித்தாள். "இந்தப் பக்கம் கட்டடம் கட்டற இடத்துல தங்கியிருக்காங்களாம். யாருக்காவது தெரியுமா?"

"அந்தப் பேரு தெரியாது," என்றாள் கௌரி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஆனா பின்னால ஜல்லி கொட்டிகீற எடத்துல ஒரு அக்கா கீது. அதுக்கும் கைக்கொயந்த. ரெண்டு நாளா தலையில துணி கட்டிகினு கீது."

ரெஜினா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கௌரி முன்னால் நடந்தாள்.